சொல்லும் காவலும்: கணினி நிரல்களில் உறுதியுரையின் வரலாறு

தோற்றுவாய்

கோயிற் கொடைகளைக் கூறும் கல்வெட்டுகளை ஊன்றிப் படித்தோர் ஒன்றை அறிவர். இன்ன நிலம், இன்ன எல்லை, இன்ன விளக்குக்கு எனக் கொடையை உரைத்ததோடு அவை நின்றுவிடுவதில்லை. அவ்வறம் பன்மாகேசுவரர் காவலில் உள்ளது என்றோ, இன்ன சபையார் பொறுப்பில் உள்ளது என்றோ ஒரு தொடர் பல கல்வெட்டுகளின் இறுதியில் அமைந்திருக்கும். சொல்லுவது ஒன்று, சொன்னது பொய்யாகாமற் காப்பது மற்றொன்று. இரண்டும் ஒரே கல்லில் நிற்க வேண்டும் என்பது நம் முன்னோர் கொண்ட முறை.

இம்முறைக்கும் கணினிக்கும் தொடர்புண்டு என்றால் வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் கணினி நிரல் எழுதுவோரிடையே எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் ஒரு வழக்கு இதுவே. நிரலின் நடுவே, ‘இவ்விடத்தில் இது மெய்’ என்று எழுதுவோன் ஒரு வாக்கியத்தைப் பொறிக்கிறான். அதனை உறுதியுரை என்போம். அந்த உறுதியுரையை யார் சோதிப்பது? யார் நம்புவது? சோதிக்காமலே நம்பலாமா? ஓசூர் தொட்டுப் போச்சம்பள்ளி வரை ஆலைகள் பெருகி, அவ்வாலைகளில் உருவாகும் வண்டிகளும் கருவிகளும் நிரல்களால் இயங்கும் இந்நாளில், நாகரசம்பட்டியிலிருந்து இவ்வினாவை எழுப்புவது பொருத்தமற்றதன்று. அவ்வழக்கின் வரலாற்றைச் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூட்டற் கணக்கின் எச்சம்

கணினிகள் பிறந்த காலத்திலேயே உறுதியுரையும் பிறந்துவிட்டது. 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஹெர்மன் கோல்ட்ஸ்டைனும் ஜான் ஃபான் நாய்மனும் நிரல் அமைக்கும் முறை பற்றி ஓர் அறிக்கை எழுதினர். செயல்களின் ஓட்டத்தைப் படமாக வரைந்து, அப்படத்தில் கட்டளைக் கட்டங்களுக்கு இடையே உறுதியுரைக் கட்டங்களையும் அவர்கள் அமைத்தனர். அக்கட்டம் கணினிக்கு எவ்வேலையும் இடுவதில்லை. ஓட்டம் இவ்விடத்தை எய்தும்போது இன்ன மதிப்பு இன்னவாறு இருக்கும் என்று படிப்போர்க்கு அறிவிப்பதே அதன் பணி.

இக்கருத்தை மேலும் தெளிவாக்கியவர் ஆலன் டூரிங். அவருடைய தாயார் ஈதெல் சாரா ஸ்டோனி 1881ஆம் ஆண்டில் கோவையை அடுத்த போத்தனூரில் பிறந்தவர்; தந்தையார் சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அலுவலராய்ப் பணியாற்றியவர். 1949 ஜூன் 24 அன்று கேம்பிரிட்ஜில் நடந்த மாநாட்டில் டூரிங் மூன்று பக்க அளவே உள்ள ஒரு கட்டுரையை அளித்தார். பெரியதொரு நிரல் சரியானதா என்று சோதிப்பது எவ்வாறு என்பது அதன் பொருள். அதற்கு அவர் காட்டிய உவமை, பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கூட்டற்கணக்கு. பல எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டுகிறோம். விடையை மட்டும் எழுதிவைத்தால், சரிபார்ப்பவர் கணக்கு முழுவதையும் மீண்டும் போட்டாக வேண்டும். ஒவ்வொரு பத்தியிலும் மேலே கொண்டு செல்லும் எச்சத்தையும் எழுதிவைத்தால், ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியே சரிபார்த்துவிடலாம். நான்கு பத்திகளை நால்வருக்குப் பிரித்தும் கொடுக்கலாம். நிரலின் இடையிடையே எழுதப்படும் உறுதியுரைகள் அந்த எச்சங்களைப் போன்றவை என்றார் டூரிங்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அக்காலத்தில் உறுதியுரையைச் சொல்பவனும் மனிதன், சோதிப்பவனும் மனிதன். கணினிக்கு அதிற் பங்கில்லை.

மெய்ப்பிக்கும் காலம்

டூரிங்கின் கட்டுரை நெடுநாள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1967ஆம் ஆண்டில் ராபர்ட் ஃபிளாய்டு, நிரலுக்குப் பொருள் கற்பிப்பது பற்றி எழுதியபோது அதே வழி மீண்டும் திறந்தது. 1969ஆம் ஆண்டில் டோனி ஹோர் அதனை ஓர் அளவை நூலாகவே வகுத்தார். இவர் 1934 ஜனவரி 11 அன்று கொழும்பில் பிறந்தவர். ஒரு கட்டளைக்கு முன் எது மெய், அதற்குப் பின் எது மெய் என்ற இரண்டையும் கட்டளையோடு சேர்த்து மூன்றாய் எழுதுவது ஹோரின் முறை. முன்னது மெய்யாயின் பின்னதும் மெய்யே என்று கணித வழியில் நிறுவ வேண்டும். அவ்வாறு நிறுவிய நிரலை ஓட்டிப் பார்த்துத்தான் அறிய வேண்டும் என்பதில்லை.

இம்மரபில் சென்னையில் கற்றோர்க்கும் இடமுண்டு. 1965ஆம் ஆண்டில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்ற கனியந்தற மணி சாண்டி, ஜெயதேவ் மிஸ்ராவுடன் இணைந்து 1988ஆம் ஆண்டில் ‘யூனிட்டி’ என்னும் நிரலாக்க நெறியை வெளியிட்டார். பல செயல்கள் ஒருங்கே நிகழும் அமைப்பில் எது எக்காலும் மாறாமல் மெய்யாய் நிற்கிறது என்று கண்டு, அதனையே அடித்தளமாக்கி நிரலைக் கட்டுவது அந்நெறி. அதே கழகத்தில் பயின்ற நடராஜன் சங்கர், 1992ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பி.வி.எஸ்.’ என்னும் மெய்ப்பிப்புக் கருவியை ஆக்கியோருள் ஒருவர். உறுதியுரைக்கான சான்றைக் கணினியின் துணைகொண்டே நிறுவ அக்கருவி உதவியது.

தொகுப்பியின் வரவு

இதற்கிடையே மூன்றாம் ஆள் ஒருவர் வந்து சேர்ந்துவிட்டார். அவர்தாம் கம்பைலர் என்று வழங்கும் தொகுப்பி. மனிதன் எழுதும் நிரலைக் கணினியின் கட்டளைகளாக மாற்றித் தருவது தொகுப்பியின் வேலை. வெறுமனே மாற்றித் தந்தாற் போதாது. வீணான வேலைகளைக் களைந்து, விரைவாய் ஓடும்படி செப்பமாக்கியும் தர வேண்டும். ஜான் பேக்கஸ் குழுவினர் 1957ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 704 கணினிக்கு வெளியிட்ட ஃபோர்ட்ரான் தொகுப்பியே இதில் முதற்பெரும் வெற்றி கண்டது.

அந்த ஃபோர்ட்ரானில் ‘ஃபிரீக்வென்சி’ என்றொரு கூற்று இருந்தது. நிரல் கிளை பிரியும் இடத்தில், இவ்வழி எத்தனை முறை செல்லும், அவ்வழி எத்தனை முறை செல்லும் என்று எழுதுவோன் மதிப்பிட்டுக் கூறலாம். தொகுப்பி அம்மதிப்பீட்டைக் கொண்டு அடிக்கடி செல்லும் வழியை விரைவாக்கும். எழுதுவோன் தொகுப்பியின் காதில் ஓதிய முதற்சொல் இதுவெனலாம். இச்சொல் பிழைபட்டால் விளையும் தீங்கு சிறிது: நிரல் சற்று மெதுவாக ஓடும், விடை மாறாது. ஃபோர்ட்ரானின் பிந்தைய தரங்களில் இக்கூற்று இடம்பெறவில்லை.

பின்னர் வந்தவை இத்தகைய குறிப்புகள் அல்ல, வாக்குறுதிகள். ஓர் எளிய எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். 700 என்னும் எண்ணை 100ஆல் வகுக்க நாம் நெடுங்கணக்குப் போடுவதில்லை. இரு சுழிகளை நீக்கிவிடுகிறோம். கணினியும் இரும எண்முறையில் 8ஆல் வகுக்கும்போது மூன்று இலக்கங்களை வலப்புறம் நகர்த்தித் தள்ளிவிடும். ஆனால் எதிர்ம எண்ணுக்கு இக்குறுக்கு வழி சில வேளைகளில் ஒவ்வாது. ‘கழித்தல் 1’ஐ 8ஆல் வகுத்தால் முழு எண் விடை 0 ஆக வேண்டும், இலக்கங்களை நகர்த்தினாலோ ‘கழித்தல் 1’ என்றே வரும். ஆதலின் தொகுப்பி, எண் எதிர்மமானால் திருத்துவதற்கென்று சில கட்டளைகளைச் சேர்த்தே எழுதும். ‘இவ்வெண் ஒருபோதும் எதிர்மமாகாது’ என்று எழுதுவோன் உறுதி கூறினால் அக்கட்டளைகள் தேவையில்லை. ஒரே நகர்த்தலில் வேலை முடியும். இவ்வகுத்தல் கோடி முறை நிகழும் நிரலில் இச்சேமிப்பு பெரிது.

அவ்வுறுதி பொய்த்தால் என்னாகும்? நிரல் மெதுவாக ஓடுவதில்லை; தவறான விடையை விரைவாகத் தருகிறது. ஃபிரீக்வென்சிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

இவ்வேறுபாட்டை முன்னுணர்ந்து வாதிட்டோர் உண்டு. சி மொழிக்குத் தரம் வகுத்த குழு, ‘நோஏலியஸ்’ என்றொரு சொல்லை மொழியிற் சேர்க்க முனைந்தது. இரு சுட்டிகள் நினைவகத்தின் ஒரே இடத்தைச் சுட்டமாட்டா என்ற வாக்குறுதியைத் தொகுப்பிக்கு அளிக்கும் சொல் அது. சி மொழியைப் படைத்த டென்னிஸ் ரிட்ச்சி 1988 மார்ச்சில் அதனைக் கடுமையாக எதிர்த்தெழுத, அச்சொல் கைவிடப்பட்டது. அதே தேவை மேலும் திட்பமான வரையறையுடன் ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்னும் பெயரில் 1999ஆம் ஆண்டுத் தரத்தில் இடம்பெற்றது. தேவை மெய்யானது, வரையறை தெளிவாக அமையப் பதினோராண்டுகள் ஆயின.

கடலிற் கழற்றிய மிதவை

சி மொழியில் ‘அசெர்ட்’ என்றொரு வசதியுண்டு. எழுதிய உறுதியுரையை நிரல் ஓடும்போதே சோதித்து, பொய்யாயின் அங்கேயே நிரலை நிறுத்திவிடும். சோதனைக் காலம் முடிந்து நிரலைப் பயனுக்கு அனுப்பும்போது, ஒரே சொல்லால் இச்சோதனைகள் அனைத்தையும் நீக்கிவிடவும் இயலும். இவ்வழக்கத்தை 1973ஆம் ஆண்டிலேயே ஹோர் கண்டித்தார். தரையிற் பயிலும்போது உயிர்காக்கும் மிதவையை அணிந்துகொண்டு, கடலிற் செல்லும்போது கழற்றிவைப்பவனோடு இத்தகையோரை அவர் ஒப்பிட்டார்.

அவ்வுவமை வெறும் உவமையாகவே நின்றுவிடவில்லை. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பிய நாடுகளின் ஏரியன் 5 ஏவுகலம் தன் முதற்பயணத்தில், கிளம்பிய 40 நொடிகளுக்குள் வெடித்துச் சிதறியது. அதன் திசையறி கணினியில், 64 இரும இலக்கங்களால் அமைந்த ஒரு மதிப்பை 16 இலக்க முழு எண்ணாக மாற்றும்போது மதிப்பு கொள்ளளவை மீறிவிட்டது. இத்தகைய தீங்குக்கு உட்படக்கூடிய மாறிகள் ஏழு என்று முன்பே கண்டிருந்தனர். அவற்றுள் நான்குக்கு மட்டும் காப்பு இட்டனர். கணினியின் வேலைச்சுமை 80 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்ற வரம்பு இருந்தமையால், எஞ்சிய மூன்றும் இயற்கையாகவே எல்லைக்குள் நிற்கும் என்று கருதிக் காப்பின்றி விட்டனர். ஏரியன் 4 ஏவுகலத்துக்கு அக்கருத்து மெய்யாக இருந்தது. அதே நிரலை வேறு பாதையிற் பறக்கும் ஏரியன் 5இல் வைத்தபோது பொய்யாகிவிட்டது. இங்கே காப்பை நீக்கியது தொகுப்பியன்று, மனிதரே. ஆயினும் விரைவு வேண்டி ஓர் உறுதியை நம்பிச் சோதனையைத் துறத்தல் என்னும் செயல் இரண்டிடத்தும் ஒன்றே. உறுதியுரை ஓரிடத்தில் மெய்யானதாலேயே வேறிடத்திலும் மெய்யாகிவிடாது என்பது இந்நிகழ்ச்சி தந்த பாடம்.

எழுதுவோன் உறுதி கூறாதபோதும், கூறியதாகத் தொகுப்பி கொள்வதுண்டு. 2009ஆம் ஆண்டில் லினக்ஸ் இயக்க அமைப்பின் வலைப்பின்னல் பகுதி ஒன்றில் ஒரு குறை வெளிப்பட்டது. அந்நிரல் ஒரு சுட்டியை முதலில் பயன்படுத்திவிட்டு, அடுத்த வரியில் அது வெற்றுச் சுட்டியா என்று சோதித்தது. தொகுப்பி கருதியது இது: ‘வெற்றுச் சுட்டியைப் பயன்படுத்துவது மொழி விதிக்குப் புறம்பு. இவர் பயன்படுத்திவிட்டார், எனவே இது வெற்றுச் சுட்டியன்று. ஆகவே பின்வரும் சோதனை வீண்.’ அவ்வாறே சோதனையை நீக்கிவிட்டது. அந்த நீக்கம் ஊடுருவுவோர்க்கு வாயிலாயிற்று. தொகுப்பியின் தருக்கத்தில் பிழையில்லை. நிரலின் வரிசையே பிழை. எனினும் காவலாய் நின்ற வரி கண்காணாமல் மறைந்தமையே நிரலாளரைத் திடுக்கிடச் செய்தது. அதன்பின் அவ்வகைச் சோதனைகளை நீக்கலாகாது என்று தொகுப்பிக்குக் கட்டளையிட்டே லினக்ஸ் உருவாக்கப்படுகிறது.

நம்புவதும் சோதிப்பதும் வேறு வேறு சொல்

இவ்வழக்கு உச்சத்தை எட்டிய இடம் சி பிளஸ் பிளஸ் மொழியின் தரக்குழு. ஒப்பந்தம் என்னும் பெயரில் உறுதியுரைகளை மொழியிற் சேர்க்க 2018ஆம் ஆண்டில் அக்குழு இசைந்தது. சோதிக்கப்படாத உறுதியுரையையும் மெய்யெனக் கொண்டு தொகுப்பி செப்பமாக்கலாமா என்ற வினா அப்போது எழுந்தது. இயலும் என்றால், பிழையைக் கண்டறிய எழுதிய வாக்கியமே பிழையைப் பெருக்கும் வாக்கியமாகிவிடும். இதுவும் இதனையொத்த கருத்து வேறுபாடுகளும் தீராமையால் 2019 ஜூலையில் ஒப்பந்தங்கள் வரைவிலிருந்து நீக்கப்பட்டன.

பின்னர் குழு இரு பணிகளுக்கும் இரு சொற்களை அமைத்தது. 2023ஆம் ஆண்டுத் தரத்தில் ‘அசியூம்’ என்னும் கூற்று வந்தது. இது நம்புவதற்கு மட்டுமே உரியது, சோதிப்பதில்லை, பொய்யாயின் நிரல் என்ன செய்யும் என்பதற்கு மொழி பொறுப்பேற்பதில்லை. 2025 பிப்ரவரியில் வரைவில் ஏற்கப்பட்ட புதிய ஒப்பந்தங்களோ சோதிப்பதற்கு உரியவை. சோதிக்காமல் விட்டாலும் அவற்றை மெய்யெனக் கொள்ளும் உரிமையைத் தொகுப்பிக்கு அவை வழங்குவதில்லை. ‘நான் காவல் நிற்கிறேன்’ என்பதும் ‘காவல் வேண்டா’ என்பதும் ஒரே சொல்லாய் இருத்தலாகாது என்பது அம்முடிவின் சாரம்.

இவ்விரண்டுக்கும் நடுவே பொன்னான வழியொன்றும் உண்டு. சோதனையை நீக்காது வைத்திருந்தால், அச்சோதனையைக் கடந்த பகுதியில் உறுதியுரை ஐயமற மெய். அதனைத் தொகுப்பி தாராளமாக நம்பலாம். ஆயிரம் முறை சுழலும் கண்ணிக்குள் ஒவ்வொரு சுற்றிலும் அணியின் எல்லையைச் சோதிப்பதற்குப் பதிலாக, கண்ணியின் வாயிலில் ஒரு முறை சோதித்தால் உள்ளே ஆயிரம் சோதனைகளும் மிச்சமாகும். காவலும் நிலைக்கிறது, விரைவும் கிடைக்கிறது.

சென்னைச் செயலியின் மொழி

மேற்கூறியவை யாவும் மென்பொருள் பற்றியவை. சிலிக்கனில் சுற்றுகளைப் பொறிப்போர்க்கு இச்சிக்கல் இன்னும் கடுமையானது. மென்பொருளைத் திருத்தி அனுப்பலாம். பொறித்த சில்லைத் திருத்த இயலாது. வெரிலாக் என்னும் சுற்று விவரிப்பு மொழியில், ‘இக்கிளைகளுள் ஒரு நேரத்தில் ஒன்றே மெய்யாகும்’ என்று குறிப்பெழுதும் வழக்கம் இருந்தது. சுற்றை ஆக்கும் கருவி அக்குறிப்பை நம்பி, எது முந்தியது என்று தீர்மானிக்கும் உறுப்புகளை நீக்கிவிடும். ஒத்திகை பார்க்கும் கருவிக்கோ அது வெறும் கருத்துரை. எனவே அதனைக் கண்டுகொள்ளாது. ஆகவே சோதித்துப் பார்த்த சுற்று ஒன்றாகவும், பொறிக்கப்படும் சுற்று வேறொன்றாகவும் ஆகக்கூடும். 1999ஆம் ஆண்டில் கிளிஃபர்டு கமிங்ஸ் இத்தீமையை எடுத்துக்காட்டி எழுதினார்.

இதற்கு மாறான நெறியைப் புளூஸ்பெக் மொழியிற் காணலாம். எம்.ஐ.டி. பேராசிரியர் அர்விந்த், ஜேம்ஸ் ஹோ ஆகியோரின் ஆய்வில் வேர்கொண்டு, 2003ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நிறுவனத்தின் வழி வளர்ந்த மொழி இது. அந்நிறுவனத்தில் ரிஷியூர் நிகில் தலையாய பங்காற்றினார். இம்மொழியில் சுற்றின் நடத்தை, ‘இந்நிலை மெய்யாயின் இச்செயல் நிகழ்க’ என்னும் விதிகளால் அமையும். சாண்டியும் மிஸ்ராவும் வகுத்த யூனிட்டி நெறிக்கு நெருங்கிய உறவுடையது. இரு விதிகள் ஒரே பதிவேட்டில் எழுத முற்படலாம் என்று தொகுப்பி ஐயுற்றால், ஒன்றுக்கு முதன்மை தந்து மற்றொன்றைத் தடுக்கும் சுற்றைச் சேர்த்துவிடும். ‘இவ்விரு விதிகளும் ஒருங்கே எழா’ என்று வடிவமைப்போன் உறுதி கூறினால் அச்சுற்றை விட்டுவிடும். அத்தோடு நில்லாமல், ஒத்திகையின்போது அவ்விரண்டும் ஒருங்கே எழுந்தால் பிழையென அறிவிக்கும் சோதனையையும் தொகுப்பியே வைத்துவிடும். நம்பிக்கையும் காவலும் ஒரே வாக்கியத்திலிருந்து பிறக்கின்றன. கல்வெட்டின் இறுதித் தொடர் நினைவுக்கு வருகிறதன்றோ!

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் வீ. காமகோடி முதலானோர் உருவாக்கிய ‘சக்தி’ செயலிகள் இப்புளூஸ்பெக் மொழியிலேயே எழுதப்பட்டவை. 2018ஆம் ஆண்டில் இக்குடும்பத்தின் முதற்சில்லுகள் வெளிவந்தன; அவற்றுள் ஒன்று சண்டிகரில் உள்ள குறைகடத்தி ஆய்வகத்தில் உருவானது. விண்வெளிப் பயன்பாட்டுக்கென இசுரோவுடன் இணைந்து ஆக்கிய ‘ஐரிஸ்’ சில்லு 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. புளூஸ்பெக் தொகுப்பியும் 2020ஆம் ஆண்டு முதல் யாவரும் பெற்றுப் பயிலத் திறந்துவிடப்பட்டுள்ளது. நம் மாவட்டத்துப் பொறியியல் மாணவரும் கட்டணமின்றி அதனைக் கொண்டு பழகலாம்.

முடிவுரை

ஓசூர்ப் பகுதி ஆலைகளைப் போன்ற இடங்களில் பணிபுரிவோர்க்கு இவ்வரலாற்றின் கருத்து புதிதன்று. வெளியிலிருந்து வரும் உதிரிப்பாகத்தை அனுப்பியவரே அளந்து சான்றளித்திருந்தால், மீண்டும் அளக்காமல் நேரே பூட்டும் வரிசைக்கு அனுப்புவதுண்டு. நேரம் மிச்சமாகிறது. ஆனால் அனுப்புவோரின் அளவுகோலை அவ்வப்போது சோதிக்காத ஆலையில் அச்சான்று வெறுந்தாளாகிவிடும். இங்கே உருவாகும் மின்வண்டியின் தடையையும் மின்கலத்தையும் ஆளும் நிரலுக்கும் இது பொருந்தும். அந்நிரலுள் எங்கோ ஒரு வரியில், ‘இம்மதிப்பு இவ்வெல்லையைத் தாண்டாது’ என்று ஓர் இளைஞர் எழுதியிருப்பார். அவ்வரியை நம்பித் தொகுப்பி நான்கு கட்டளைகளைக் குறைத்திருக்கும். அவ்வண்டியில் ஒரு குடும்பம் இரவில் ஊர் திரும்பும்.

உறுதி கூறுதல் குற்றமன்று. அஃதின்றித் தொகுப்பி சிறக்காது. கூறியதைத் தொகுப்பி நம்புதலும் குற்றமன்று, அதற்காகவே கூறுகிறோம். கூறிய சொல்லுக்குக் காவலர் யார் என்று எழுதாமல் விடுவதே குற்றம். மெய்ப்பிக்கலாம், ஓடும்போது சோதிக்கலாம், ஒத்திகையிற் சோதிக்கலாம். மூன்றுள் ஒன்றேனும் செய்த பின்னரே நம்பச் சொல்ல வேண்டும். ஒரு சூழலுக்கு எழுதியதை வேறொரு சூழலுக்குக் கொண்டு செல்வோர் அச்சோதனையை மீண்டும் செய்ய வேண்டும்.

சொல்லையே தொழிலாகவும் தவமாகவும் கொண்ட ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் இக்கருத்து இடம்பெறுவது ஒருவகையில் முறையே. சொன்ன சொல்லைப் பிறர் நம்பி அதன்மேல் வீடு கட்டுகின்றனர் என்ற உணர்வு புலவர்க்கும் வேண்டும், நிரலாளர்க்கும் வேண்டும்.